நிலநடுக்கத்துக்குப் பின் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது எப்படி: முகாம் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீரை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. வீடிழந்தவர்கள் கிடைத்த திடலில் எல்லாம் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். யாரும் திட்டமிடாமல், தானாகவே முளைத்த அப்படியொரு முகாம் முசாஃபராபாத்தில் இருந்தது. சுமார் 1,800 பேர். அங்கே 750 பேருக்கு மேல் தண்ணீராகப் பேதி கண்டது, பெரும்பாலோர் பெரியவர்கள். போதிய குடிநீரும் கழிப்பறையும் வந்து சேர்ந்த பிறகே அது அடங்கியது.

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலம் ஆடியபோது, மழைக்காலம் தொடங்கியதும் காலரா வாரிக்கொண்டு போகும் என்று எல்லோரும் பயந்தார்கள். அதுவும் நடக்கவில்லை. இடிந்து விழுந்த கட்டடத்திலிருந்து நோய் கிளம்புவதில்லை. மக்கள் நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் மலம் குடிநீரில் கலந்தால் கிளம்புகிறது. இந்த வழிகாட்டியில் வரும் கணக்குகள் பெரும்பாலும் அந்த முசாஃபராபாத் முகாமின் அளவுக்கே, அதாவது 1,800 பேருக்கே, போடப்பட்டிருக்கின்றன. உங்கள் முகாமின் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த நோய் எப்போது வரும்

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதற்கு நாள்கணக்குதான் வழிகாட்டி. காயம் பட்ட 3 நாள் முதல் 21 நாளுக்குள் ரணஜன்னி (டெட்டனஸ்) தலைகாட்டும். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள் போதும். தட்டம்மை, கிருமி தொற்றியதிலிருந்து 10 முதல் 14 நாளில் வெளியே தெரியும். அதனால் முதல் வாரம் முகாமில் அம்மையே இல்லை என்று நிம்மதியாக இருப்பது ஏமாற்றம். அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை 2 முதல் 9 வாரம் கழித்து வரும். அது வரும் நேரத்தில் நிவாரணக் குழுக்களில் பாதி ஊர் திரும்பியிருக்கும். கர்ப்பிணிகளை, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களை, அது கொல்லும். மூச்சுத்தொற்று, சளி, நிமோனியா ஆகியவை குளிரும் நெரிசலும் இருக்கும்வரை தொடர்ந்து இருக்கும்.

ஆக, முதல் மூன்று நாள் காயங்களுக்கு. முதல் நாளிலிருந்தே தண்ணீருக்கும் கழிப்பறைக்கும். இரண்டு வாரத்துக்குள் தட்டம்மை ஊசிக்கு. கடைசி நாள்வரை கணக்கெடுப்புக்கு.

முதலில் செய்யக் கூடாதது: சடலங்களைக் கண்டு பதறுவது

ஒவ்வொரு பேரிடரிலும் ஒரே காட்சி. முகக்கவசம் போட்ட ஆட்கள் இடிபாட்டின் மேலும் சாலையோரத்திலும் பிளீச்சிங் பவுடரையும் சுண்ணாம்பையும் தூவிக்கொண்டு போவார்கள். கொள்ளைநோய் வந்துவிடும் என்று சொல்லி அடையாளம் பாராமல் ஒரே குழியில் மொத்தமாகப் புதைப்பார்கள். இரண்டுமே வீண். இடிபாட்டில் அடிபட்டுச் செத்தவர்கள் பெரும்பாலும் நோயில்லாமல் இருந்தவர்கள். உடல் அழுகுவதால் காலராவோ பிளேக்கோ புதிதாக உண்டாகாது. நாற்றம் நோயல்ல.

இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. சடலம் கிணற்றிலோ ஊற்றிலோ கிடந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. காலராவால் இறந்தவர் உடலைத் தொடுபவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். சடலம் தூக்குபவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், டெட்டனஸ் ஊசி மூன்றும் வேண்டும். மற்றபடி உடலுக்கு எண் போடுங்கள், முகத்தைப் படம் எடுங்கள், உடையையும் நகையையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தனித்தனியாக அடக்கம் செய்யுங்கள். புதைகுழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

தூவி வீணாக்கும் அந்தப் பவுடரின் கணக்கைப் பார்த்தால் வயிறெரியும். 1,800 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 27,000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீத வீரியமுள்ள பவுடர் ஒரு நாளைக்கு வெறும் 180 கிராம் போதும். வீரியம் குறையாமல் பாதுகாத்தால் 25 கிலோ மூட்டை ஒன்று நாலரை மாதத்துக்கு வரும். சாலையோரத்தில் அதே மூட்டை ஒரு காலைப்பொழுதுக்குக்கூட வராது.

காயம்

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் 106 பேருக்கு ரணஜன்னி கண்டு 20 பேர் இறந்தார்கள். 2006 யோக்யகார்த்தா நிலநடுக்கத்தில் 71 பேருக்கு வந்து 26 பேர் போனார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

காயத்தைச் சுத்தமான தண்ணீராலும் சோப்பாலும் கழுவுங்கள். பஞ்சால் ஒற்றி எடுப்பது கழுவுவது ஆகாது. ஓடும் நீரை அழுத்தத்தோடு பாய்ச்சி மண், சுண்ணாம்புக்காரை, துணிநார் எல்லாம் வெளியேறும்வரை விடாமல் கழுவ வேண்டும். செத்த சதையை மருத்துவர் வெட்டி அகற்ற வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, கூட்டம் அதிகம் என்பதால் உடனே தையல் போட்டு அனுப்பிவிடுவது. நசுங்கிய, மண் படிந்த, 6 மணி நேரம் கடந்த காயத்தைத் தைத்து மூடினால் காற்று புகாத அந்தப் பைக்குள்தான் ரணஜன்னிக் கிருமியும் சதை அழுகல் கிருமியும் செழிக்கும். திறந்தே விட்டு, ஈரக் கட்டுப் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் தைக்கலாம்.

தடுப்பூசி அட்டை யாரிடமும் இருக்காது. ஆகவே காயம் பட்ட எல்லோருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி. முன்பு ஊசியே போடாதவர், போட்டது நினைவில்லாதவர் என்றால் அழுக்குக் காயத்துக்கு 250 யூனிட் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் ஆயத்த எதிர்ப்பு மருந்து) வேறொரு இடத்தில் போட வேண்டும். இது எப்போதும் தட்டுப்பாடாகவே இருக்கும். அப்போது வயதான ஆண்களை முதலில் நினையுங்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலாவது ஊசி கிடைத்திருக்கும். ஆண்களுக்கு அதுவும் கிடைத்திருக்காது. வாய் திறக்க முடியவில்லை, தாடை பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

இடம்

தண்ணீர் மேட்டிலும் கழிப்பறை பள்ளத்திலும் இருக்கும்படி முகாமைப் பிரித்து அமைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் கூரையுள்ள இடம் ஆளுக்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டும். 1,800 பேருக்கு அது 6,300 சதுர மீட்டர். கூடாரங்களுக்கு இடையே 2 மீட்டர் விடுங்கள். ஒவ்வொரு கூடாரத்தைச் சுற்றியும் சிறு வாய்க்கால் வெட்டி அவற்றைப் பொது வடிகாலில் சேர்த்தால், மழை பெய்த அன்று இரவு அதன் அருமை தெரியும். உள்ளே ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் வரும்படி மாற்றி மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். இருமல் நேராக முகத்தில் விழாது. செலவில்லாத ஏற்பாடு, ஆனால் யாரும் சொல்வதில்லை.

தண்ணீர்: அளவு முதலில், சுத்தம் உடனே பின்னால்

ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் 3 லிட்டர் கொடுத்துவிட்டு நிறுத்தினால் மக்கள் கை கழுவ மாட்டார்கள். கையிலிருக்கும் மலக்கிருமி அந்த நல்ல தண்ணீருக்குள்ளேயே போகும். 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் 1,800 பேருக்கு 8 குழாய்கள். கூடாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் குழாய் இருக்க வேண்டும். வரிசையில் அரைமணிக்கு மேல் நிற்க வைத்தால் பக்கத்து ஓடைக்குப் போய்விடுவார்கள்.

நிலநடுக்கம் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே நேரத்தில் உடைக்கிறது. பெரும்பாலான ஊர்களில் இரண்டும் ஒரே தெருவில் அருகருகே ஓடுகின்றன. மின்சாரம் போய்க் குடிநீர்க் குழாயில் அழுத்தம் விழுந்ததும், சுற்றியுள்ள சாக்கடை நீர் விரிசல் வழியாக உள்ளே இழுபடும். நாலு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்ததும் எல்லோரும் மகிழ்ச்சியோடு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த முதல் தண்ணீர்தான் ஆபத்தானது. குளோரின் அளவு பார்த்துச் சொல்லும்வரை அது துணி துவைக்க மட்டும்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் வேலை செய்யாது. மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். கிருமி மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். கலங்கல் நீரில் படிகாரம் போடுங்கள். 1,000 லிட்டருக்கு 50 கிராம் என்று தொடங்கி, வாளியில் சோதித்துக் கூட்டிக் குறைக்கலாம். வேகமாக ஒரு நிமிடம், பிறகு மெதுவாகச் சில நிமிடம் கலக்கிவிட்டுச் சில மணி நேரம் அசையாமல் விட்டால் அடியில் சேறு படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

இனி குளோரின். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் 1 சதவீதக் கரைசல். 30 சதவீத வீரியமுள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 33 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் களியாகக் குழைத்து, பிறகு மீதி நீரை ஊற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 65 முதல் 70 சதவீதம் வீரியமுள்ள குருணை குளோரின் கிடைத்தால் லிட்டருக்கு 15 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு வாளி அரித்துப் போகும். காற்றோட்டமான வெளியில், கையுறையோடு செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அமிலம் இதில் ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூட்டை கட்டிபிடித்துப்போய், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமல் இருந்தால் அதன் வீரியம் போய்விட்டது. அதை நம்பி அளக்காதீர்கள்.

அடுத்தது வாளிச் சோதனை. எவ்வளவு போடுவது என்பதைப் புத்தகம் சொல்லாது, உங்கள் தண்ணீர்தான் சொல்லும்.

1. நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் வாளிக்கு வாளி மாறாமல் சரியாக 20 லிட்டர் அளந்து ஊற்றுங்கள்.
2. மருந்து சிரிஞ்ச் கொண்டு 1 சதவீதக் கரைசலை முறையே 2, 4, 6, 8 மி.லி. போடுங்கள். லிட்டருக்கு 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று ஆகும்.
3. கலக்கி மூடி, 30 நிமிடம் விடுங்கள். மலைப்பகுதியில் தண்ணீர் சில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம்.
4. குளோரோஸ்கோப்பிலோ மாத்திரை போட்டு நிறம் பார்க்கும் கருவியிலோ மிச்சக் குளோரினை, அதாவது வேலை செய்தது போக நீரில் மிஞ்சி நிற்பதை, அளவிடுங்கள்.
5. எந்த வாளியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதோ அதுவே உங்கள் அளவு.

4 மி.லி. போட்ட வாளி சரியாக வந்தது என்றால், 5,000 லிட்டர் தொட்டிக்கு அதைப்போல 250 மடங்கு: 1,000 மி.லி., அதாவது ஒரு லிட்டர் கரைசல். மழை பெய்து தண்ணீர் மாறினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். டேங்கர் லாரி என்றால் நிரப்பும் இடத்திலேயே லிட்டருக்கு 2 மில்லிகிராம் மிச்சம் நிற்கும்படி போடுங்கள். வழியில் குறைந்துகொண்டே வரும். அந்த லாரி போன வாரம் எதை ஏற்றிவந்தது என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

கிணற்றைத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமா? உள்ளே விழுந்த கல் மண்ணை அகற்றி, இறைத்து, ஊறிய நீரில் 100 லிட்டருக்கு 1 லிட்டர் என்று 1 சதவீதக் கரைசலை ஊற்றி, சுவரையும் நனைத்து, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் குளோரின் நெடி அடங்கும்வரை இறைத்துக் கொட்டுங்கள். அதன்பிறகும் குடத்துக்குக் குடம் குளோரின் தேவை. மண்ணுக்கடியில் பக்கத்துக் கழிவறைக்குழி விரிசல் விட்டிருக்கலாம்.

தொட்டி, லாரி எதுவும் இல்லாமல் மக்கள் ஊற்றிலோ ஆற்றிலோ நேராக அள்ளும் இடத்தில், ஓர் ஆளைச் சிரிஞ்சும் கரைசலுமாக உட்கார வைத்து, நிரம்பும் ஒவ்வொரு குடத்திலும் அளந்து போடச் சொல்லலாம். விடியற்காலையிலும் அவர் அங்கே இருக்க வேண்டும். பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் நேரம் அதுதான்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, குழாயில் 0.5 இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கூடாரத்துக்குள் ஒரு முறை குனிந்து பாருங்கள். அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் வாளி. மூடி கிடையாது. அதன் பக்கத்தில் மண்தரையில் கவிழ்ந்து கிடக்கிறது ஒரு மக். வெளியே கால் கழுவிவிட்டு வந்த பையன் அதே மக்கை எடுத்து மணிக்கட்டுவரை உள்ளே விட்டு மொண்டு குடிக்கிறான். காலையில் 0.5 இருந்த குளோரின் மாலையில் அந்த வாளியில் சுழியம். ஆகவே அளவு பார்க்க வேண்டிய இடம் குழாயல்ல, வாளி. நாளுக்கு 20 கூடாரம் என்று பாருங்கள். வீட்டு வாளியில் 0.2க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் குறுகிய வாய்க் கேன் இரண்டு, முடிந்தால் திருகுக் குழாய் வைத்தது, கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். போர்வை கொடுக்கும் நன்கொடையாளர்களில் கேன் கொடுப்பவர்கள் அரிது.

கழிப்பறை

முதல் நாளே 90 கழிப்பறை கட்ட முடியாது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. அன்று மாலைக்குள் முகாமுக்குக் கீழ்ப்புறம், நீர்நிலைக்கு எதிர்த்திசையில் ஓரிடத்தைத் தார்ப்பாயால் மறைத்து, 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்தில் நீளக் குழிகள் வெட்டுங்கள். ஆணுக்கு ஒருபுறம், பெண்ணுக்கு ஒருபுறம். மண்வெட்டியோடு ஓர் ஆள் நின்று போகப் போக மண் மூட வேண்டும். இது இரண்டு மூன்று நாளுக்குத்தான்.

அடுத்த கட்டத்தில் 50 பேருக்கு ஒன்று, அதாவது 36 கழிப்பறை. பிறகு 20 பேருக்கு ஒன்று, அதாவது 90. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. குழி நிலத்தடி நீர் ஆதாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி. குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே. கூடாரத்திலிருந்து 50 மீட்டருக்குள். பாறை நிலமென்றால் மண்மூட்டைகளை அடுக்கி மேடை உயர்த்துங்கள். அரை மீட்டர் மிச்சம் இருக்கும்போதே குழியை மூடிவிட வேண்டும்.

கட்டியும் பயன்படுத்தாமல் கிடக்கும் கழிப்பறைகளுக்குக் காரணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ராத்திரி விளக்கு இல்லை. முக்கியமாக, தண்ணீர் இல்லை. காகிதத்தால் துடைக்கும் நாட்டவர் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு தெற்காசிய முகாமில் கட்டினால், கழுவத் தண்ணீர் வைக்கும் இடமே இருக்காது. ஒவ்வொரு கழிப்பறை வரிசைக்கும் ஒரு டிரம், வாளி, மக். கைக்குழந்தையின் மலம் ஆபத்தில்லை என்று தாய்மார்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. சிறு பிள்ளைகளுக்குச் சட்டி கொடுத்து, அதைக் குழியில் கொட்டச் சொல்லுங்கள். மாதவிடாய்த் துணிகளுக்கு மூடிய தொட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அவை குழியை அடைக்கும்.

வெளியே வரும் வாசலிலேயே கை கழுவும் இடம் இருக்க வேண்டும். பத்தடி தள்ளி வைத்தால் யாரும் போகமாட்டார்கள். சோப்பு ஆளுக்கு மாதம் 250 கிராம். முழு முகாமுக்கு 450 கிலோ. பொது இடத்தில் வைத்த சோப்புக் கட்டி அன்றே காணாமல் போகும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அதை யாரும் திருடுவதில்லை. குழாயடியில் வழியும் நீருக்குச் சரளைக்கல் போட்ட உறிஞ்சுகுழி.

சாப்பாடும் பால்மாவும்

பொதுச் சமையலறையில் சமைத்ததைச் சூடாக, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. இதைவிட முக்கியம் பால்மாவு. நன்கொடையாகக் குவியும் குழந்தைப் பால்மாவு டப்பாக்களைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். யோக்யகார்த்தாவில் 2006இல் அப்படி விநியோகித்தபோது, பால்மாவு பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்ற குழந்தைகளைவிட இரு மடங்கு இருந்தது. பாட்டிலைக் கொதிக்கவைக்க விறகும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பால்மாவு விஷம் போலத்தான். அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று தாய்மார் கவலைப்படுவார்கள். அவர்களுக்கு மறைவான ஓர் இடமும், தண்ணீரும், கூடவே இருக்க அனுபவமுள்ள ஒரு பெண்ணும் இருந்தால் பால் சுரக்கும்.

தட்டம்மை

"எங்கள் பகுதியில் எல்லாக் குழந்தைக்கும் ஊசி போட்டாயிற்று" என்ற பதில் போதாது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலூர் மாவட்டத்தில் டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி இறுதிக்குள் 101 பேருக்குத் தட்டம்மை வந்தது. ஒரு தவணை ஊசி பெரும்பாலோருக்குப் போட்டிருந்த பகுதி அது. ஒரு தவணை மட்டும் என்றால் சிலருக்கு நோய் எதிர்ப்பு உண்டாகாமலே போகும். அப்படி விடுபட்டவர்கள் எல்லோரும் முகாமில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள்.

6 மாதம் முதல் 15 வயது வரை, முன்பு போட்டதா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊசி. மருந்து குறைவென்றால் 5 வயதுக்குட்பட்டவர்கள் முதலில். 9 மாத வயது நிறையும் முன் போட்ட ஊசி கணக்கில் சேராது; வழக்கமான தவணைகளைப் பிறகு மறுபடி போட வேண்டும். கூடவே வைட்டமின் ஏ: 6 முதல் 11 மாதம் 1 லட்சம் யூனிட், 1 முதல் 5 வயது 2 லட்சம் யூனிட். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் இதுவே பெரிய வேலை. கரைத்த குப்பியை 4 மணி நேரத்துக்குப் பிறகு, பாதி மருந்து மிச்சம் இருந்தாலும், தூக்கி எறிந்துவிடுங்கள். அதை மிச்சப்படுத்தி மாலையில் போட்டுக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உண்டு.

காச நோய் மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை முதல் வாரத்திலேயே தேடிப் பட்டியல் எடுங்கள். அவர்கள் மருந்துச் சீட்டு இடிபாட்டுக்குள் கிடக்கும்.

நோட்டுப் புத்தகம்

கணினி வேண்டாம். ஒரு நோட்டு, தினமும் மாலை 5 மணி. நீர்ப்பேதி (24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ), ரத்தபேதி, காய்ச்சலோடு தடிப்பு, காய்ச்சலோடு இருமலும் மூச்சிரைப்பும், மஞ்சள் காமாலை, தாடைப் பிடிப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், இறப்பு. ஒவ்வொன்றிலும் 5 வயதுக்குக் கீழ் எத்தனை, மேல் எத்தனை, எந்தக் கூடாரம், எந்தக் குழாய். யாருமில்லை என்றாலும் சுழியம் என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் நோயில்லையா, ஆள் வரவில்லையா என்று தெரியாது.

தட்டம்மை ஒன்றே ஒன்று வந்தாலும் எச்சரிக்கை. 2 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் நீர்ப்பேதியால் கண் குழிவிழுந்து துவண்டாலோ இறந்தாலோ, வேறு காரணம் நிரூபிக்கும்வரை காலரா என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பேதியால் சாதாரணமாகச் சாவதில்லை. திங்கள் 4, செவ்வாய் 5, புதன் 11 என்று பேதி ஏறுகிறது, 11இல் 7 பேர் ஒரே குழாயில் தண்ணீர் எடுக்கும் வரிசைக் கூடாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கு முன்னால் அந்தக் குழாய்க்குப் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் நாலைந்து பேரின் மல மாதிரியை, வழியில் கெடாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கைகட்டி நிற்க வேண்டாம்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது நெருக்கடி நிலை. 1,800 பேர் முகாமில் அது வாரத்துக்கு ஒரு சாவுக்குச் சற்று மேல். பழகிப்போகும் அளவுக்குச் சிறிய எண். அதனால்தான் தனியாகக் கவனிக்க வேண்டும்.

பேதி தொடங்கிவிட்டால்

காலராவுக்குச் சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். எனவே பெரிய மருத்துவமனைக்கு முன் ஒவ்வொரு கூடார வரிசையிலும் ஓர் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) மூலை: மேசை, மூடிய கேனில் குளோரின் கலந்த நீர், பொட்டலங்கள், டம்ளர், இரவிலும் விழித்திருக்கும் ஓர் ஆள். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து.

ஓரளவு நீரிழப்பு என்றால் எடைக்கு எடை கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். குழந்தைகளுக்குத் துத்தநாகம் தினம் 20 மி.கி. 14 நாள், 6 மாதத்துக்குக் குறைவென்றால் 10 மி.கி. கண் குழிந்து, நாடி அகப்படாமல், குடிக்கவே முடியாமல் இருப்பவருக்கு ரிங்கர் லாக்டேட் திரவம், நரம்பு வழியாக, கிலோவுக்கு 100 மி.லி. 50 கிலோ ஆளுக்கு 5 லிட்டர்: முதல் அரைமணியில் ஒன்றரை, அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை. முதன்முறை இதைச் செய்பவர்கள் இவ்வளவா என்று தயங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அந்தத் தயக்கம் கொல்லும். குழந்தைக்கு மட்டும் நேரக்கணக்கு வேறு. ஒரு வயதுக்குட்பட்டவருக்கு 6 மணி நேரம்.

சிகிச்சைக் கூடாரத்தில் மூன்று கரைசல், மூன்று நிற வாளி. கைக்கு 0.05 சதவீதம்: 1 சதவீதக் கரைசல் 50 மி.லி., தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். தரைக்கும் படுக்கைக்கும் 0.5: பாதிக்குப் பாதி. மலம், வாந்தி, இறந்தவர் உடலுக்கு 2: லிட்டருக்கு 66 கிராம் பவுடர். வாளிகள் மாறிப்போனால் கை வெந்துவிடும். கட்டிலின் நடுவே ஓட்டை, அடியில் வாளி. நோயாளியின் வீட்டுக்குப் போய் மருந்தடிப்பதைவிட, அந்தக் குடும்பத்துக்கு ஒரு கேனும் சோப்பும் கொடுத்துவிட்டு வருவது பயன் தரும்.

கொசு, சிரங்கு, தூசு

இடிபாட்டில் தேங்கிய மழைநீரில் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும். வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் நினைவில் இருக்கட்டும். சிரங்குக்கு முழுக் குடும்பத்துக்கும் ஒரே நாளில் மருந்து. ஒருவருக்கு மட்டும் போட்டால் திரும்ப வரும். மண்ணும் சில இடங்களில் நோய் தரும்: 1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சரிந்த மலைகளின் புழுதியை மூச்சில் இழுத்து வெஞ்சுரா வட்டாரத்தில் 203 பேருக்குப் பூஞ்சைக் காய்ச்சல் வந்தது. 3 பேர் இறந்தார்கள்.

உதவிக்கு வந்தவர்களின் கழிப்பறை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், கடைசியில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஹைட்டியில் நிலநடுக்கம் 2010 ஜனவரி 12. ஒன்பது மாதம் காலரா இல்லை. அந்த நாட்டில் நூறாண்டுகளாகவே இல்லை. அக்டோபரில் மிர்பாலே அருகே, ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குப் போய்ச் சேரும் ஓடையில் கலந்தது. முகாமுக்குள் ஒழுங்கில்லாத குழாய்கள், மழையில் நிரம்பி வழியும் திறந்த கழிவுக்குழி. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே வெளியூரிலிருந்து வரும் மீட்புப் படை, மருத்துவக் குழு, தொண்டர் அணி எதுவானாலும் வந்த அன்றே இவற்றைக் கேளுங்கள். உங்கள் ஊரில் இப்போது காலரா இருக்கிறதா? கடந்த ஒரு வாரத்தில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்ததா? அவர்கள் கழிவுத் தொட்டி மூடியதா, கசிகிறதா, வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தொட்டியைக் காலி செய்ய ஒப்பந்த லாரி வருமானால், ரசீதில் எழுதிய இடத்தை நம்பாமல், முதல் நடையிலேயே ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எங்கே கொட்டுகிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.